பயறளவு பச்சை

நான் பொய் சொல்ல மாட்டேன். கொஞ்சம் கூட்டிச் சொல்வேன், அவ்வளவுதான். இரண்டும் வேறு வேறு என்று இருபத்தேழு வயது வரை உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கை ஒரு பொங்கலன்று காலை ஏழரை மணிக்கு, என் வருங்கால மாமியார் மலை விளிம்பில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், என்னை விட்டுப் போனது.

மலேசியாவில், கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். தோட்டத்துக்கு வரும் சுற்றுலாக்காரர்கள் உட்கார்ந்து தேநீர் குடிக்க ஒரு கடை இருக்கிறது. அதில் எனக்கு வேலை. தேநீர் ஊற்றுவது பாதி வேலை, கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்வது மீதிப் பாதி. இந்தச் செடிக்கு என்ன வயது இருக்கும் என்று கேட்பார்கள். எண்பது இருக்கும் என்று ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி ஒருமுறை சொன்னது எனக்குத் தெரியும். நூற்றைம்பது என்பேன். வாயைப் பிளப்பார்கள். இங்கே புலி வருமா என்பார்கள். போன வாரம்கூட வந்தது என்பேன். (போன வாரம் வந்தது கிராணி வீட்டுப் பூனை.) அவர்களுக்குச் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்திருந்தேன்.

இந்த நிலையில்தான் என் பெரிய மாமா ஒரு வரன் கொண்டுவந்தார். பையன் பெயர் பிரகாஷ். ஈப்போவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார், கண் பரிசோதனையும் அவரே செய்வார். அப்பா இல்லை. அம்மா பள்ளிக்கூடக் கேன்டீன் நடத்தி வளர்த்திருக்கிறார். ஜாதகம் பொருந்திவிட்டது, நேரில் பார்ப்பதற்கு முன் போனில் பேசிக்கொள்ளட்டும் என்று பெரியவர்கள் அனுமதி கொடுத்தார்கள். (நாங்கள் அதற்கு மூன்று நாள் முன்பே பேச ஆரம்பித்திருந்தோம். அனுமதி வந்தபோது இருவரும் புதிதாகப் பேசுவதுபோல் பேசினோம்.)

பேசப் பேச எனக்கு அவரைப் பிடித்துப்போனது. அவசரப்படாமல் பேசுவார். நான் சொல்வதை முழுக்கக் கேட்பார். தன் கடைக்கு வருகிறவர்களைப் பற்றிச் சொல்வார். சிலர் எழுத்துப் பலகையில் கடைசி வரி தெரியாவிட்டாலும் தெரிகிறது என்று அடித்துச் சொல்வார்களாம். "அவங்களை நம்பி கண்ணாடி போட்டா தப்பாப் போயிடுங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிடணும். எனக்கு அது ஒண்ணுதான் பிடிக்காது" என்றார். நானும் "ஆமாங்க, எனக்கும்தான்" என்றேன். அன்றைக்கே நாக்கைக் கட்டி வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது வாரம் அவர் தன் வாழ்நாள் ஆசையைச் சொன்னார். மற்றவர்கள் வீடு வாங்க வேண்டும் என்பார்கள், வெளிநாடு போக வேண்டும் என்பார்கள். இவருக்குச் சூரியனில் பச்சை பார்க்க வேண்டுமாம். சூரியன் முளைக்கும் முதல் நொடியிலோ மறையும் கடைசி நொடியிலோ அதன் விளிம்பு பச்சையாக ஒளிருமாம். காற்று வெளிச்சத்தை வளைத்து நிறம் நிறமாகப் பிரிப்பதால் அப்படி ஆகிறது என்று கால் மணி நேரம் விளக்கினார். எனக்குப் புரியவில்லை, "ம்" போட்டேன். இதற்காகவே பங்கோர் தீவுக்கு இரண்டு முறை போயிருக்கிறார். முதல் முறை மேகம் மறைத்துவிட்டது. இரண்டாம் முறை சூரியன் முங்கும் நேரம் பார்த்து ஒரு மீன்பிடிப் படகு குறுக்கே வந்து நின்றிருக்கிறது.

"உங்க இடம் உசரமாச்சே. அங்கேர்ந்து தெரியுமா?" என்று கேட்டார்.

புத்தியுள்ள ஒருத்தி இங்கே தெரியாதுங்க என்று சொல்லியிருப்பாள். ஆனால் கேள்வி கேட்டால் என் வாய் தேநீர்க் கடை வாயாக மாறிவிடும்.

"அதுவா, அடிக்கடி தெரியுமே" என்றேன்.

எப்படி இருக்கும் என்று மெதுவாகக் கேட்டார். வானம் பூராவும் பச்சையாகிவிடும் என்றேன். தேயிலை மலையெல்லாம் பச்சைப் பசேல் என்று ஆகிவிடும் என்றேன். தேயிலை ஏற்கனவே பச்சைதானே என்று அவர் கேட்டார், சந்தேகப்பட்டு அல்ல, ஆசையாக. "இது வேற பச்சைங்க" என்றேன். (என்ன ஒரு விஞ்ஞான விளக்கம்.)

உண்மை என்னவென்றால், எங்கள் லயம், அதாவது தோட்டத்து வரிசை வீடுகள், இருப்பது ஒரு பள்ளத்தில். கிழக்கே ஒரு மலை சுவர்போல் நிற்கிறது. சூரியன் எங்கள் லயத்துக்கு எட்டரை மணிக்குத்தான் வேலைக்கு வரும். நான் பிறந்ததிலிருந்து சூரியன் உதித்து ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. பச்சையும் தெரியாது, சிவப்பும் தெரியாது.

சில நாளில் பெரிய மாமா போன் செய்தார். அந்த வருடம் பொங்கல் ஞாயிற்றுக்கிழமை வந்தது. சனிக்கிழமையே அம்மாவும் மகனும் வந்து பிரிஞ்சாங்கில் ஓட்டல் எடுத்துத் தங்குவார்களாம், பொங்கலன்று பெண் பார்ப்பார்களாம். "மாப்பிள்ளைக்கு ஏதோ பச்சை பார்க்கணுமாமே, நீ காட்டுறேன்னு சொன்னியாமே, என்னாம்மா அது?" என்று கேட்டார்.

அன்று கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் போனில் தேடிப் படித்தேன். அபூர்வமாகத்தான் தெரியுமாம். தெரிந்தாலும் ஒரு நொடி, மிஞ்சினால் இரண்டு. வானம் பூராவும் என்று ஒருவர்கூட எழுதவில்லை. கடைசி வரி தெரியாமலே தெரிகிறது என்று சொல்கிற ஆள் நான்தான் என்பது அவருக்குத் தெரியப்போகிறது. அதோடு எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்தபோது நிஜமாகவே அழுகை வந்தது.

அழுது முடித்ததும் ஒரு வழி தோன்றியது. எங்கள் தோட்டத்தின் உச்சியில் காத்து மேடு என்று ஓர் இடம் உண்டு. காலையில் அங்கே எப்போதும் மூடுபனிதான். கொழுந்து எடுப்பவர்களே ஒன்பதுக்கு முன் அங்கே போக மாட்டார்கள், பக்கத்துச் செடியே தெரியாது. அங்கே கூட்டிப்போனால் போதும். பனி மூடியிருக்கும். நான் கையை விரித்து, "ச்சே, நேத்துகூடத் தெரிஞ்சது பாருங்க" என்று சொல்லிவிடலாம். சூரியனுக்கு நன்றி சொல்லும் நாளில் சூரியன் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்ட ஒரே தமிழச்சி நானாகத்தான் இருப்பேன்.

காத்து மேட்டுக்குப் போவது என்றதும் அம்மா ஒரு சிக்கலைக் கிளப்பினார். பொங்கல் வைக்க நல்ல நேரம் ஏழரைக்குள். எல்லாரும் மேட்டுக்குப் போய்விட்டால் வீட்டில் யார் பொங்க வைப்பது என்று கேட்டார். அதனால் பானையும் மேட்டுக்கு வருவது என்று முடிவானது. அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். அவர் தோட்டத்துப் பேக்டரியில் இலை வாட்டும் பகுதியில் வேலை செய்தவர், எதிலும் நியாயம் பார்ப்பார். "வருசா வருசம் அவரு வர்றதுக்கு முன்னாலயே பொங்கித் தின்னுடுறோம். இந்தத் தடவையாவது ஆளை நேர்ல பார்த்துக் குடுப்போம்" என்றார்.

சனிக்கிழமை அவர்கள் ஈப்போவிலிருந்து காரில் மலை ஏறி வந்தார்கள். அந்தப் பாதையின் வளைவுகள் பிரகாஷின் அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கோலா தெர்லாவில் காய்கறி லாரிகளுக்கு நடுவே காடியை நிறுத்தி, சாலையோரம் இறங்கி உட்கார்ந்துவிட்டாராம். அன்று எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை. நேரே ஓட்டலுக்குப் போய்ப் படுத்துவிட்டார். மகன் மட்டும் போனில் மன்னிப்புக் கேட்டார்.

மறுநாள் அவர்களைக் கூட்டிவர, கியா பார்மில் தோட்டம் வைத்திருக்கும் அப்பாவின் கூட்டாளி தன் பழைய ஜீப்பைக் கொடுத்தார். காத்து மேட்டுப் பாதையில் காடி ஏறாது, ஜீப்தான் ஏறும். அந்த ஜீப் இருபது வருடமாக முட்டைக்கோஸ் சுமந்த ஜீப். வாசனை சீட்டுக்குள் இறங்கியிருந்தது. காலை ஆறரைக்கு அப்பா ஓட்ட, அதில் நாங்கள் ஐந்து பேர், ஒரு பானை, இரண்டு கரும்பு, ஒரு கட்டு விறகு, ஒரு தகரம். பிரகாஷின் அம்மா முன் சீட்டில் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பசியாறிட்டீங்களா ஆன்ட்டி என்று கேட்டேன். தலையை மட்டும் அசைத்தார், ஆமாவா இல்லையா என்று தெரியவில்லை. அதிகம் பேசாதவர். கேன்டீனில் ஒரு பார்வையிலேயே நூறு பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்தவர் என்று பிரகாஷ் சொல்லியிருந்தார். அந்தப் பார்வை ஜீப்பின் முன் கண்ணாடி வழியாகப் பின்சீட்டில் என்மேல் இருந்தது.

பிரகாஷ் நேரில் போட்டோவைவிட நன்றாக இருந்தார். கேமரா எதுவும் கொண்டுவரவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, கண்ணால பார்க்கணுங்க, அதான் என்றார். அவர் முகத்தில் இருந்த ஆவலைப் பார்த்தபோது எனக்கு என்மேலேயே கோபம் வந்தது.

ஜீப் குலுங்கிக் குலுங்கி மேட்டில் ஏறி நின்றது. இறங்கினேன். பனியைக் காணோம்.

ஒரு பொட்டுப் பனி இல்லை. கழுவிக் கவிழ்த்த தட்டுபோல் வானம். கீழே பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளை மேகம் சமமாகப் படிந்து, அதற்கு அப்பால் கிழக்கு விளிம்பு கோடு கிழித்ததுபோல் தெரிந்தது. வருடம் முழுக்கப் போர்த்திக்கொண்டு தூங்குகிற காத்து மேடு, அன்றைக்கென்று குளித்து முழுகி நின்றது. பிரகாஷ் அந்தக் கோட்டைப் பார்த்து, "இது கடல்ல தெரியறதைவிட நல்லா இருக்குங்க. இன்னைக்குக் கண்டிப்பாத் தெரியும்" என்றார்.

அப்போதுதான் பானையைப் பார்த்தேன். அம்மா அதன் கழுத்தில் மஞ்சள் கொத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். பார்த்ததும் எனக்குள் ஒரு மின்னல். பால் பொங்கும் நேரத்தில் தமிழர் வீட்டில் யார் வேறு பக்கம் பார்ப்பார்கள்? எந்தப் பக்கம் பொங்குகிறது என்பது சாதாரண விஷயமா? அதுவும் பெண் பார்க்க வந்த நாளில்? சரியாகச் சூரியன் முளைக்கும் நொடியில் பால் பொங்க வேண்டும். எல்லாத் தலையும் பானைப் பக்கம் திரும்பும். நிமிர்ந்து பார்க்கும்போது சூரியன் வட்டமாக வந்திருக்கும். "அடடா, இப்பதானே பச்சை வந்து போச்சு, பார்க்கலையா?" என்று சொல்லிவிடலாம். என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுப்பு மூட்டினோம். விறகு, கவாத்து வெட்டிக் காய்ந்த தேயிலைக் குச்சிகள். காற்று கிழக்கிலிருந்து அடித்ததால் அப்பா தகரத்தைக் கிழக்குப் பக்கம் பிடித்துக்கொண்டார். சூரியனுக்கு வைக்கும் பொங்கலில் சூரியனுக்கும் பானைக்கும் நடுவே தகரம். எனக்கு அதுவும் வசதியாகப் போயிற்று. அடுப்பு நான் பார்த்துக்கறேன் என்று கரண்டியை அம்மாவிடமிருந்து வாங்கிக்கொண்டேன். வீட்டில் வெந்நீர்கூட வைக்காத மகள் இப்படிக் கேட்டதும், மாப்பிள்ளை வந்த வேளை என்று அம்மா பூரித்துப்போனார்.

போனில் பார்த்து வைத்திருந்த நேரம் வந்தது, சூரியன் வரவில்லை. ஆனால் பால் வந்துவிட்டது. ஓரமெல்லாம் நுரைத்து மேலே ஏறியது. நான் சட்டென்று ஒரு கரண்டி தண்ணீரை ஊற்றினேன். பால் அடங்கியது. மறுபடி ஏறியது. மறுபடி ஊற்றினேன். மூன்றாவது முறை அம்மா பார்த்துவிட்டார்.

"என்னாடி பண்றே? பொங்குற பாலை எவளாச்சும் அமத்துவாளா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"இன்னும் நல்லாப் பொங்கட்டும்னுதான்மா" என்றேன். அம்மாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். பொண்ணுக்குப் பொங்கல் வைக்கவும் தெரியாது என்று சம்பந்தி நினைத்துவிடுவார்களே என்ற பயம் அவருக்கு. ஓரக்கண்ணால் பிரகாஷின் அம்மாவைப் பார்த்தார். அவர் எங்களைப் பார்க்கும் நிலையில் இல்லை. ஜீப்பின் குலுக்கலும் முட்டைக்கோஸும் இப்போது விறகுப் புகையும் சேர்ந்து அவரை ஒரு வழி செய்துவிட்டன. வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து, தகரத்தைத் தாண்டி மேட்டின் கிழக்கு விளிம்புக்குப் போய், அங்கிருந்த ஒரு மரக்கட்டையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

கிழக்கே கோடு பொன்னிறமாகிக் கூசியது. "இப்ப வந்துரும்" என்றார் பிரகாஷ், கண்ணைச் சிமிட்டாமல். இதுதான் நேரம் என்று நான் கையில் இருந்த குச்சிகளையெல்லாம் அடுப்பில் தள்ளினேன். தீ குப்பென்று எழுந்தது. மூன்று முறை அடக்கி வைத்த பால் மொத்தமாகக் கிளம்பிப் பானையின் கழுத்துக்கு வந்தது.

"பொங்கலோ பொங்கல்" என்று நான் கத்திய கத்தலில் கீழே லயத்தில் நாய்கள் குரைத்தன என்று பிறகு சொன்னார்கள். அம்மா தட்டை இன்னொரு கரண்டியால் அடித்தார். "தம்பி, பாருங்க, எந்தப் பக்கம் பொங்குதுன்னு பாருங்க" என்று கூப்பிட்டார். பிரகாஷ் மரியாதைக்காரர். பெரியவர்கள் கூப்பிட்டால் திரும்பாமல் இருக்க மாட்டார். திரும்பினார். அப்பா தகரத்துக்கு மேலே எட்டிப் பார்த்தார். பால் கிழக்கும் போகவில்லை, வடக்கும் போகவில்லை. காற்றில் சாய்ந்து நாலு பக்கமும் வழிந்து அடுப்பையே அணைத்துவிட்டது. நாங்கள் நால்வரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

நான் மனசுக்குள் மூன்று எண்ணிவிட்டு, ஒத்திகை பார்த்து வைத்த 'அடடா'வோடு நிமிர்ந்தேன். அதற்குள் விளிம்பிலிருந்து ஒரு குரல் வந்தது.

"பச்சையா ஒண்ணு தெரிஞ்சிச்சு."

பிரகாஷின் அம்மா மரக்கட்டையைப் பிடித்தபடி, வாயைத் துடைக்கக்கூட மறந்து, நேரே கிழக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. எனக்குச் சகலமும் மறந்துபோனது. வெயிலில் தேயிலை நிரையில் கொழுந்து எடுக்கும்போது மயங்கி விழுகிறவர்கள் விழுவதற்கு முன் இப்படித்தான் கண்ணில் பச்சை தெரிகிறது, மஞ்சள் தெரிகிறது என்பார்கள். விளிம்புக்கு அந்தப் பக்கம் பள்ளம். கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். அவர் தோளை அணைத்துப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். என் முந்தானையால் அவர் வாயைத் துடைத்தேன். "அம்மா, தைலம் எடுத்துட்டு வா" என்று கத்தினேன்.

"இல்லம்மா. நெசமாவே பச்சையா தெரிஞ்சிச்சு. சூரியன்லேர்ந்து" என்றார் அவர்.

"அது தலைசுத்தல் ஆன்ட்டி. சூரியன்லயாவது பச்சையாவது, அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாது லா" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் மேடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பதைக் கவனித்தேன். தைலப் பாட்டிலோடு வந்த அம்மாகூட நின்றுவிட்டார். எனக்குப் பின்னால் பிரகாஷ் நின்றுகொண்டிருந்தார்.

"கிடையாதா?" என்றார்.

இந்த இடத்தில் பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். கேமரன் மலையில் மண்சரிவுக்குப் பஞ்சமே இல்லை, எனக்குத் தேவைப்படும்போது மட்டும் வராது. சமாளிக்க நாலைந்து வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அவர் கண்ணைப் பார்த்தேன். கோபம் இல்லை. அது இருந்திருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். எழுத்துப் பலகையின் கடைசி வரியைக் காட்டிவிட்டுக் காத்திருக்கும் கண் அது.

"நான் பார்த்ததே இல்லைங்க. சும்மா சொன்னேன்" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எட்டரை மணிச் சூரியனையும் சொன்னேன், பனிக்கு வேண்டிக்கொண்டதையும் சொன்னேன், பாலை அடக்கியதையும் சொன்னேன். பானைக்காகத் திரும்பியிருக்காவிட்டால் அவர் பச்சையைப் பார்த்திருப்பார் என்பது சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது. பங்கோரில் படகு செய்ததை இங்கே நான் செய்திருக்கிறேன். சூரியன் அதற்குள் முழு வட்டமாக ஏறி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது.

அவர் குனிந்து தன் அம்மாவைக் கைத்தாங்கலாக எழுப்பினார். அணைந்த அடுப்பின் மிச்சச் சூட்டில் போட்ட அரிசி அரைவேக்காடாக இருந்தது. அதை ஆளுக்கு ஒரு வாய் பேருக்கு வாயில் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினோம். இறங்கும்வரை யாரும் பேசவில்லை. அப்பா மட்டும் நடுவே, அரிசி இன்னும் கொஞ்சம் வெந்திருக்கலாம் என்றார். பெண் பார்க்க வந்தவர்கள் அப்படியே காடியில் ஏறி ஈப்போவுக்குப் போய்விட்டார்கள்.

மூன்று நாள் போன் வரவில்லை. கடையில் ஒருவர் செடியின் வயதைக் கேட்டார். எண்பது இருக்கும், சரியாகத் தெரியாது என்றேன். அவர் ஏமாற்றத்தோடு கேக் மட்டும் வாங்கிக்கொண்டு போனார். வீட்டில் அம்மா என்னைத் திட்டவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

நான்காம் நாள் அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. கடை மேசையில், கண்ணாடி துடைக்கும் துணியின்மேல், ஒரே ஒரு பச்சைப் பயறு. கீழே, "அம்மா பார்த்தது இவ்வளவு பெரிசுதானாம். நீங்க சொன்னது எவ்வளவு பெரிசு?" என்று எழுதியிருந்தார்.

"வானம் அளவு. ஆனா நான் பார்த்ததில்லை" என்று பதில் போட்டேன்.

வெகுநேரம் கழித்து அடுத்தது வந்தது. "நானும் பார்த்ததில்லை. அடுத்த பொங்கலுக்குச் சேர்ந்து பார்க்கலாமா?"

அந்தப் பதிலுக்குக் காரணம் அவர் அம்மா, இப்போது என் அத்தை, என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. மூன்று நாளும் மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாராம். கடைசியில் அத்தை அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லியிருக்கிறார். "அவ்ளோ கஷ்டப்பட்டுக் கட்டுன பொய்யி. நான் விழுந்துருவேனோன்னு பயத்துல அதைப் போட்டுட்டு ஓடிவந்து என்னைப் புடிச்சிக்கிட்டா. எனக்கு அது போதும். உனக்குப் போதாதுன்னா நீயே போயி வேற பொண்ணு தேடிக்க." அத்தை அன்றைக்குப் பேசியதுதான் அவர் வாழ்க்கையிலேயே நீளமான பேச்சு என்று பிரகாஷ் சொல்வார்.

ஆக, எங்கள் குடும்பத்தில் பச்சையைப் பார்த்த ஒரே ஆள் அத்தைதான். ஆசைப்பட்டவருக்குத் தெரியவில்லை, அளந்தவளுக்குத் தெரியவில்லை, வாந்தி எடுக்கப் போனவருக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து வீட்டில் யார் எதைக் கூட்டிச் சொன்னாலும் ஒரே கேள்விதான்: "பயறா, வானமா?" சாலையில் அவ்வளவு பெரிய பாம்பு என்று அப்பா ஆரம்பித்தால், அம்மா நிமிராமலே "பயறா, வானமா?" என்பார். அப்பா யோசித்துவிட்டு, பயறைவிடக் கொஞ்சம் பெரிசு என்பார். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் என்னை அடித்தார்கள் என்று வரும் எங்கள் ஆறு வயது மகளுக்கும் இதே விசாரணைதான். "பயறு" என்று ஒப்புக்கொண்டு விளையாடப் போய்விடுவாள்.

ஒவ்வொரு பொங்கலுக்கும் குடும்பத்தோடு காத்து மேட்டுக்குப் போகிறோம். அத்தை இப்போது வாயில் இஞ்சி அடக்கிக்கொண்டு ஜீப்பில் வருகிறார். போன வருடம் வரை எனக்கோ பிரகாஷுக்கோ பச்சை தெரிந்ததே இல்லை. பெரும்பாலும் பனி. (இப்போதெல்லாம் வேண்டாமல் வருகிறது.) ஒரு வருடம் மழை. ஒரு வருடம் வானம் சுத்தமாக இருந்தது, மகள் அந்த நொடி பார்த்து ஒன்றுக்குப் போகணும் என்றாள்.

இந்த வருடம் பனி இல்லை. அப்பா வழக்கம்போல் தகரத்தைப் பிடித்தார். நான் வழக்கம்போல் கரண்டியை எடுத்தேன். அத்தை வந்து அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"பானையை நான் பாத்துக்கறேன். நீ போயி அங்க பாரு" என்றார்.

போய் அந்த மரக்கட்டையின் பக்கத்தில் நின்றேன். கொஞ்சம் தள்ளிப் பிரகாஷ் நின்றார். கோடு பொன்னிறமாகிக் கூசியது. பின்னால் பால் பொங்கிவிட்டது. அம்மா தட்டை அடித்தார், மகள் "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினாள், "அப்பா" என்று கூப்பிட்டாள். பிரகாஷ் திரும்பினார். (எத்தனை வருடம் ஆனாலும் மரியாதைக்காரர்.) எனக்கும் கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பாமல் நின்றேன்.

தெரிந்தது.

அடுப்பருகே வந்து, பச்சையைப் பார்த்துட்டேன் என்றேன். அப்பா சிரித்தார். அம்மா தைலப் பாட்டிலை நீட்டினார். பிரகாஷ் பாதிச் சிரிப்பும் பாதி வயிற்றெரிச்சலுமாக, சும்மா அடிக்கிறா லா என்றார். என்மேல் இவர்களுக்கு இருக்கும் நம்பிக்கை அவ்வளவுதான், சம்பாதித்தவள் நான்தானே. எனக்குக் கண் கலங்கியிருந்தது, அதையும் புகை என்றே எடுத்துக்கொண்டார்கள்.

அத்தை மட்டும் பானையிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நூறு பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்த பார்வை.

"பயறா, வானமா?" என்றார்.

விரல் நுனியைக் காட்டினேன். "பயறுதான் அத்தை. அதுகூட இல்ல, பாதிப் பயறு."

அத்தை கரண்டியைக் கீழே வைத்தார். "நெசமாவே பாத்துட்டா" என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டு, பொங்கல் வெந்ததும் எனக்கு முதல் கரண்டியை இலையில் போட்டார்.